கரடிக் காட்டுக்கு ஒரு கைத்துணை

காட்டுக்குள் புகும் மனிதன் கையில் எதை எடுத்துச் செல்கிறான் என்பதைக் கொண்டே அவன் காட்டை எவ்வாறு எண்ணியிருக்கிறான் என்பதை அறிந்துகொள்ளலாம். கோடரி கொண்டு செல்பவனுக்குக் காடு மரம். கூடை கொண்டு செல்பவனுக்குக் காடு கனி. துப்பாக்கி கொண்டு செல்பவனுக்கோ காடு பெரும்பாலும் அச்சம். வட அமெரிக்கக் கண்டத்தின் மேற்குப் பகுதியில் இருநூறு ஆண்டுகளாக மனிதர் தமக்குள் கேட்டுவரும் ஒரு வினா உண்டு: "கரடி வாழும் காட்டில் உயிரைக் காக்க எந்தத் துப்பாக்கி ஏற்றது?" வேட்டைக்காரரும் பொன் தேடிகளும் நில அளவையாளரும் வனத்துறை ஊழியரும் மாறி மாறிக் கேட்ட இவ்வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. அவ்விடைகளின் வரலாறு துப்பாக்கியின் வரலாறாக மட்டும் அமையவில்லை. அச்சம் அறிவாக முதிர்ந்த வரலாறாகவும், அந்த முதிர்ச்சிக்கு இடையே ஓர் உயிரினம் அழிவின் விளிம்புவரை சென்ற வரலாறாகவும் அது அமைந்துவிட்டது.

இங்குப் பேசப்படும் கரடி தமிழ் மண்ணுக்குப் பழகிய கரடி அன்று. சங்கப் புலவர்கள் 'எண்கு' எனப் பாடியது, புற்றைத் தோண்டிக் கறையானை உறிஞ்சி உண்ணும் கரிய விலங்கு. வட அமெரிக்காவின் பழுப்புக் கரடியோ உருவத்திலும் வலிமையிலும் அதனினும் பன்மடங்கு பெரியது. உள்நாட்டு மலைகளில் வாழும் வகைக்குக் கிரிஸ்லி என்று பெயர். மயிர் நுனிகள் நரைத்தாற்போல் தோன்றுவதால் வந்த பெயர் அது. ஆண் கிரிஸ்லி 200 முதல் 350 கிலோ வரை எடை கொள்ளும். அலாஸ்காக் கடற்கரையில் சால்மன் மீனை உண்டு கொழுக்கும் அதன் உறவுக் கரடிகள் 500 கிலோவையும் தாண்டும். இத்தனை எடையைச் சுமந்துகொண்டே அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது. முப்பது மீட்டர் தொலைவில் புதருக்குள் இருந்து கிளம்பினால், இரண்டே வினாடிகளில் மனிதனை எட்டிவிடும். அந்த இரண்டு வினாடிகளை மனத்தில் இருத்திக்கொண்டால் இவ்வரலாறு எளிதில் விளங்கும்.

ஒரு குண்டின் காலம்

துப்பாக்கி வருமுன்பே அம்மண்ணின் பழங்குடியினர் கிரிஸ்லியை அறிந்திருந்தனர். தனியொருவனாக அதனை எதிர்ப்பது அவர்தம் வழக்கமன்று. ஆறு, எட்டு, பத்துப் பேர் என்று குழுவாகத் திரண்டு, போருக்குப் புறப்படுவோர் போலவே மேனியில் வண்ணம் தீட்டிச் சடங்குகள் செய்த பின்னரே கரடிமேல் சென்றனர். இதனை வெள்ளையர் உலகுக்கு எழுதிவைத்தவர்கள், குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் அனுப்பிய ஆய்வுப் பயணத்தின் தலைவர்களான மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகிய இருவருமாவர். 1804இல் புறப்பட்டு மிசௌரி ஆற்றை எதிர்த்துச் சென்ற அக்குழுவினர், 1805ஆம் ஆண்டின் இளவேனிலில் கிரிஸ்லியின் நாட்டுக்குள் நுழைந்தனர்.

ஏப்ரல் 29ஆம் நாள் லூயிஸ் தம் முதற் கிரிஸ்லியை வீழ்த்தினார். அம்பும் வில்லும் வணிகர் விற்ற மட்டமான துப்பாக்கியும் ஏந்திய பழங்குடியினர் இவ்விலங்குக்கு அஞ்சுவது இயல்பே என்றும், குறிதவறாத ரைபிள் ஏந்திய தம்மவர்க்கு இது அத்துணைப் பெரிய ஆபத்தன்று என்றும் அன்று அவர் நாட்குறிப்பில் எழுதினார். அந்தச் செருக்கு ஒரு வாரமும் நிலைக்கவில்லை. மே 5ஆம் நாள் கிளார்க்கும் வேட்டையாளர் துருய்யாரும் சுட்ட கரடி பத்துக் குண்டுகளை ஏற்றது. அவற்றுள் ஐந்து நுரையீரலைத் துளைத்தவை. அதன் பின்னரும் அது ஆற்றின் பாதியளவு நீந்தி ஒரு மணல்திட்டில் ஏறி, இருபது நிமிடங்கள் கழித்தே உயிர்விட்டது. குழுவினரின் ஆவல் போதிய அளவு தணிந்துவிட்டது என்று மறுநாள் லூயிஸ் எழுதினார். மே 14ஆம் நாள் ஆறு தேர்ந்த வேட்டைக்காரர் கூடி ஒரு கரடியைத் தாக்கினர். சுடப்பட்ட கரடி அவர்களையே திருப்பித் துரத்தியது. இருவர் இருபதடி உயரக் கரையிலிருந்து ஆற்றில் குதித்தனர். கரடியும் பின்னாலேயே குதித்தது. கரையில் நின்ற ஒருவர் தலையில் சுட்ட பின்னரே அது அடங்கியது. அதன் உடலில் எட்டுக் குண்டுகள் பாய்ந்திருக்கக் கண்டனர்.

இதற்குக் காரணம் அக்காலத் துப்பாக்கியின் இயல்பில் இருக்கிறது. அது நெருப்புக்கல்லால் இயங்குவது. குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைத் துணியில் பொதிந்து வைத்து, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். தேர்ந்த கைக்கும் இதற்கு அரை நிமிடம் பிடிக்கும். அரை அங்குல அகலமுள்ள உருண்டைக் குண்டு மானுக்குப் போதும். தடித்த தோலும் கொழுப்பும் திரண்ட தசையும் பெரிய எலும்பும் கொண்ட கரடியின் உடலில் அது ஆழ்ந்து செல்லாது. முதற் குண்டு கரடியைக் கொல்லாவிடில், அடுத்த குண்டுக்கான காலத்தைக் கரடி கொடுப்பதில்லை.

இப்பயணத்தில் நிகழ்ந்த சந்திப்புகளுள் மிகவும் எண்ணத்தக்கது ஜூன் 14ஆம் நாள் நிகழ்ந்தது. மிசௌரியின் பேரருவிகளுக்கு அருகில் லூயிஸ் தனியே சென்றுகொண்டிருந்தார். ஒரு காட்டெருமையைச் சுட்டுவிட்டு, அது விழுவதைப் பார்த்து நின்றவர் துப்பாக்கியை மீண்டும் கெட்டிக்க மறந்தார். திரும்பியபோது இருபது அடி எடுத்துவைக்கும் தொலைவில் ஒரு கரடி வந்துகொண்டிருந்தது. வெட்டவெளி. ஏறுவதற்கு அருகில் மரம் இல்லை. கையிலிருந்த துப்பாக்கி வெறுங்குழல். கரடி வாய் திறந்து பாய, அவர் ஓடினார். ஓட்டத்தில் வெல்ல முடியாதெனக் கண்டதும் ஆற்றில் இறங்கி, இடுப்பளவு நீரில் திரும்பி நின்று, கைத்தடியாகக் கொண்டு வந்த ஈட்டியை நீட்டினார். கரைவரை வந்த கரடி ஒரு கணம் நின்றது. பின் திரும்பி ஓடிற்று. அது ஏன் ஓடியது என்பது லூயிஸுக்கு விளங்கவில்லை. இனித் துப்பாக்கியைக் கெட்டிக்காமல் வைப்பதில்லை என்று மட்டும் உறுதி பூண்டார்.

அவர் பெற்ற பாடம் உண்மையானதே. ஆனால் அந்நிகழ்ச்சியில் மற்றொரு பாடமும் இருந்தது. பத்துக் குண்டுகளாலும் நிறுத்த முடியாத விலங்கு, ஒரு குண்டும் இல்லாத மனிதனைக் கொல்லாமல் விட்டுச் சென்றது. இந்த இரண்டாம் பாடத்தைப் படிக்க மனிதருக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

பல குண்டுகளின் காலம்

அடுத்த தலைமுறையினர் முதற் பாடத்தையே பற்றிக்கொண்டனர். குண்டு பெரிதாக வேண்டும். விரைவாகச் சுட வேண்டும். தோல் வணிகத்துக்காக பீவர் பிடிக்க மலையேறியவர்களிடையே கரடிக் கதைகள் பெருகின. 1823இல் ஹியூ கிளாஸ் என்னும் வேட்டைக்காரர் குட்டிகளோடு இருந்த தாய்க்கரடியால் குதறப்பட்டு, தோழர்களால் கைவிடப்பட்டும் உயிர்தப்பி வந்த நிகழ்ச்சி பின்னாளில் நூல்களாகவும் திரைப்படங்களாகவும் வளர்ந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த கனத்த ரைபிள் அம்மலையேறிகளிடம் பெரும்பெயர் பெற்றது. நெருப்புக்கல்லின் இடத்தை வெடிமூடி பிடித்ததால், மழையிலும் பனியிலும் சுட முடிந்தது. ஆயினும் குண்டு ஒன்றே.

உண்மையான மாற்றம் உலோகத் தோட்டாவோடு வந்தது. மருந்தும் குண்டும் வெடிமூடியும் ஒரே பித்தளை உறைக்குள் அடங்கியதும், துப்பாக்கியைக் கெட்டிப்பது இடிக்கும் வேலையாக இல்லாமல் செருகும் வேலையாக மாறியது. 1873இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட '.45-70' என்னும் தோட்டா, 0.45 அங்குலக் குண்டையும் 70 கிரெயின் கரிமருந்தையும் குறிப்பது. அதே ஆண்டில் வெளிவந்த வின்செஸ்டர் ரைபிளில் நெம்புகோலை ஒருமுறை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தானே குழலுக்கு வரும். முதலில் இவ்வசதி சிறிய தோட்டாக்களுக்கே வாய்த்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1886ஆம் ஆண்டு வின்செஸ்டர், .45-70 போன்ற பெருந்தோட்டாக்களையும் அடுத்தடுத்துச் சுட வல்லதாயிற்று. வலிமையும் விரைவும் ஒரே கருவியில் கூடின. பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட் 1884இல் பிக்ஹார்ன் மலையில் ஒரு பெருங்கரடியை வீழ்த்தியதும் ஒரு வின்செஸ்டரால்தான்.

இப்போது தராசு முற்றிலும் சாய்ந்தது. ஆறு பேரை ஆற்றில் குதிக்கவைத்த விலங்கை, ஆட்டு மந்தைக்காரன் ஒருவன் தனியே நின்று சுடலாயினான். துப்பாக்கியோடு இரும்புப் பொறியும், இறந்த மாட்டின் உடலில் தடவிய எட்டிச்சத்து நஞ்சும் சேர்ந்துகொண்டன. 1800ஆம் ஆண்டளவில் அலாஸ்கா நீங்கிய இன்றைய அமெரிக்க நிலப்பரப்பில் சுமார் 50,000 கிரிஸ்லிகள் வாழ்ந்திருக்கலாம் என மதிப்பிடுவர். 1975இல் அவை சட்டப் பாதுகாப்புப் பெற்றபோது ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. அவை முன்பு உலவிய நிலத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கே அவற்றிடம் மிஞ்சியிருந்தது. கலிபோர்னியா மாநிலம் 1911இல் தன் கொடியில் கிரிஸ்லியின் உருவத்தைச் சட்டபூர்வமாகப் பொறித்தது. அம்மாநிலத்தில் கொல்லப்பட்ட கடைசிக் கிரிஸ்லி எனக் கருதப்படுவது 1922இல் வீழ்ந்தது. இன்றும் அக்கொடியில் கரடி நடக்கிறது. மண்ணில் அதன் அடிச்சுவடு இல்லை.

தற்காப்புக்கெனத் தேடிய கருவி தற்காப்போடு நிற்கவில்லை என்பதே இக்கட்டத்தின் செய்தி. அஞ்சியவன் கையில் ஆற்றல் சேர்ந்தபோது, தன்னை எதிர்த்த கரடியை மட்டுமன்றி, எதிர்க்கக்கூடும் என்று அவன் எண்ணிய கரடியையும் கொன்றான்.

அலாஸ்காவின் கணக்கு

கரடி குறையாமல் எஞ்சிய பெருநிலம் அலாஸ்கா. அங்கே இன்றும் சுமார் 30,000 பழுப்புக் கரடிகள் உள்ளன. ஆகவே இருபதாம் நூற்றாண்டில் பழைய வினா அங்கேயே குடியேறிற்று. மீனவரும் விமானிகளும் நில அளவையாளரும் அதனை ஓய்வின்றி விவாதித்தனர். 1906இல் அமெரிக்கப் படைக்கென உருவான '.30-06' தோட்டா எங்கும் கிடைத்ததால் அதுவே பலரின் தேர்வாயிற்று. 1912இல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் ஆப்பிரிக்க வேட்டைக்கெனச் செய்த '.375' தோட்டா அலாஸ்கா வழிகாட்டிகளின் நம்பிக்கையைப் பெற்றது. 1958இல் '.338 வின்செஸ்டர் மேக்னம்' வந்தது. 1955இல் ஸ்மித் அண்ட் வெஸன் வெளியிட்ட '.44 மேக்னம்' ரிவால்வர், இடுப்பில் தொங்கும் கருவியாலும் கரடியை எதிர்க்கலாம் என்ற நம்பிக்கையை ஊட்டியது. 12 எண் குழலுடைய பம்ப் ஷாட்கனில் ரவைக்குப் பதிலாக ஓர் அவுன்ஸ் எடையுள்ள ஒற்றைக் குண்டிட்டு எடுத்துச் செல்வோரும் பலர்.

விவாதத்துக்கு அளவுகோல் தேவைப்பட்டது. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் இருவர் 1983இல் வெளியிட்ட அறிக்கை அதனைத் தந்தது. அவர்கள் செய்த முதல் நல்ல காரியம் தொலைவை மாற்றியது. வேட்டைத் துப்பாக்கியை நூறு, இருநூறு கெஜத்தில் வைத்துச் சோதிப்பதே வழக்கம். தாக்க வரும் கரடியோ அத்தொலைவில் சுடப்படுவதில்லை. எனவே 15 கெஜத் தொலைவில் வைத்துச் சோதித்தனர். குண்டு எவ்வளவு ஆழம் சென்றது, எவ்வளவு விரிந்தது, உடையாமல் எவ்வளவு எஞ்சியது என்று அளந்தனர். பெருங்குழல் ரைபிள்கள் முன்வரிசையில் நின்றன. கைத்துப்பாக்கிகள் பின்வரிசைக்குச் சென்றன.

இதன் உட்காரணம் எளியது. .375 ரைபிளின் குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது ஏறத்தாழ 5,800 ஜூல் ஆற்றல் கொண்டிருக்கும். .30-06 குண்டுக்கு அது ஏறத்தாழ 3,900. .44 மேக்னம் ரிவால்வர் குண்டுக்கோ 1,300 அளவே. ஆயினும் ஆற்றல் மட்டும் போதாது. அருகில் சுடும்போது குண்டின் வேகம் உச்சத்தில் இருக்கும். இலேசான வேகக்குண்டு தோளெலும்பில் மோதியதும் சிதறி மேலோடு நின்றுவிடக் கூடும். கனத்த குண்டு சற்று மெதுவாகச் சென்றாலும் உடையாமல் ஆழ்ந்து செல்லும். பாய்ந்து வரும் கரடியை உடனே நிறுத்துவது மூளையையோ தண்டுவடத்தையோ சிதைக்கும் குண்டே. இதயத்தில் பட்ட குண்டு அதனைக் கொல்லும். ஆனால் கொல்வதற்கு முன் சில வினாடிகளை அதற்கு விட்டுவைக்கும். அச்சில வினாடிகள் மனிதனுக்குப் போதாதவை, கரடிக்குப் போதுமானவை.

அலாஸ்காச் சட்டம் இங்கே கவனிக்கத்தக்க ஒரு நெறியை வகுத்தது. உயிரையோ உடைமையையோ காக்கக் கரடியைச் சுடலாம். ஆனால் கரடியைச் சீண்டியவனுக்கும், உணவையும் குப்பையையும் கண்டபடி போட்டு அதனை வரவழைத்தவனுக்கும் அந்த உரிமை இல்லை. சுட்டவன் நகங்களோடு கூடிய தோலையும் மண்டையோட்டையும் உரித்தெடுத்து அரசிடம் ஒப்படைத்து, எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அச்சத்தில் சுட்டவனுக்கு அந்தக் கரடியால் ஓர் ஆதாயமும் இல்லை என்று ஆக்கியது அச்சட்டம். வேட்டையையும் தற்காப்பையும் பிரிக்கும் கோடு அங்கேதான் தெளிவாக வரையப்பட்டது.

பனிநாட்டின் தேர்வு

துருவக் கரடி உலவும் பனிநாடுகளில் தேர்வின் அளவுகோலே வேறு. அங்கே வலிமைக்கு முன் நம்பகம் வந்து நிற்கிறது. கடுங்குளிரில் எண்ணெய் இறுகும். நுண்ணிய இயந்திர உறுப்புகள் சிக்கும். கையுறை அணிந்த விரல் சிறு விசையைத் தேடித் தடுமாறும். ஆகவே வடகிழக்குக் கிரீன்லாந்தில் நாய்ச்சறுக்கு வண்டியில் காவல் சுற்றும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர், முதல் உலகப் போர்க் காலத்து 1917 மாதிரி ரைபிளை இருபத்தோராம் நூற்றாண்டிலும் சுமந்தனர். கையால் திருகிப் பின்னிழுத்து இயக்கும் எளிய அமைப்பே அதன் பெருமை. 1947இல் தோன்றிய கனடாவின் ரேஞ்சர் படையினர், அவர்களுள் பலர் வடபுலப் பழங்குடியினர், எழுபது ஆண்டுகள் லீ-என்ஃபீல்டு ரைபிளையே வைத்திருந்தனர். இந்தியக் காவலர் தோளில் நெடுங்காலம் தொங்கிய '303' துப்பாக்கியின் உறவு அது.

எளிமையும் சில வேளை கைவிடும். 2011 ஆகஸ்டில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் பிரித்தானிய மாணவர் குழு ஒன்று பனிவெளியில் கூடாரமிட்டுத் தங்கியிருந்தது. கூடாரங்களைச் சுற்றிக் கட்டப்பட்ட எச்சரிக்கைக் கம்பி இயங்கவில்லை. பசித்த கரடி உள்ளே புகுந்தது. குழுத்தலைவர் ரைபிளை எடுத்துச் சுட முயன்றபோது அது பலமுறை வெடிக்கவில்லை. இறுதியில் கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. அதற்குள் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான், நால்வர் காயமுற்றனர். துப்பாக்கி இருந்தது, இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. வேண்டிய கணத்தில் அது துப்பாக்கியாக இல்லை.

எண்கள் சொன்னவை

இத்தகைய நிகழ்ச்சிகளைத் தனித்தனியே கேட்போர் தத்தம் விருப்பப்படி பாடம் எடுத்துக்கொள்வர். அனைத்தையும் ஒன்றுசேர்த்து எண்ணிப் பார்க்க முனைந்தவர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய விலங்கியலாளர்கள். ஹெரேரோ, கரடித் தாக்குதல்களின் காரணங்களை ஆராய்ந்து 1985இல் நூல் வெளியிட்டவர். அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை துப்பாக்கியோடு இருந்த மனிதர் கரடியை எதிர்கொண்ட 269 நிகழ்ச்சிகளைத் திரட்டி, இவ்வாய்வுக் குழுவினர் 2012இல் வெளியிட்டனர்.

கைத்துப்பாக்கி ஏந்தியோர் நூற்றுக்கு 84 நிகழ்ச்சிகளில் கரடியைத் தடுத்தனர். நெடுங்குழல் துப்பாக்கி ஏந்தியோர் 76இல் தடுத்தனர். ஜூல் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத சிறு கருவி, களத்தில் பெரிய கருவிக்குப் பின்தங்கிவிடவில்லை. தோல்விகளின் காரணங்களை ஆராய்ந்தபோது மறைவு விலகியது. எதிர்வினை ஆற்றக் காலம் போதாமை நூற்றுக்கு 27. துப்பாக்கியைப் பயன்படுத்தாமலே விட்டது 21. கருவி சிக்கிக்கொண்டது 14. கரடி மிக நெருங்கிவிட்டது 9. குறி தவறியது 9. தோட்டா தீர்ந்து மீண்டும் நிரப்ப இயலாதது 8. பாதுகாப்புப் பூட்டை விடுவிக்க முடியாதது 8. துப்பாக்கியின் அகலம் பற்றியும் குண்டின் எடை பற்றியும் நூறாண்டுகளாக நடந்த வாதத்தில் இக்காரணங்களுள் எத்தனை இடம்பெற்றன? முதற் காரணம் காலம். லூயிஸ் ஆற்றங்கரையில் கண்ட அதே காலம்.

அவ்வாய்வின் இன்னொரு முடிவு மேலும் சிந்திக்கவைத்தது. துப்பாக்கியைச் சுட்டவர்களையும், துப்பாக்கி இருந்தும் சுடாதவர்களையும் ஒப்பிட்டால், காயமும் மரணமும் நேர்ந்த அளவில் புள்ளியியல் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இதைக் கொண்டு துப்பாக்கி வீண் என்று முடிவுகட்டுவதும் அவசரமே. ஆபத்தின்றி முடிந்த நிகழ்ச்சிகள் பல பதிவேடுகளை எட்டாமலே போயிருக்கக் கூடும். ஆனால் துப்பாக்கியின் வலிமையே உயிர்காக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு தளர்ந்தது.

மிளகாயின் நுழைவு

இதற்கிடையே எவரும் எதிர்பாராத ஒரு போட்டியாளர் அரங்கேறியிருந்தது. தாயகமான மெக்ஸிகோவிலிருந்து புறப்பட்டுத் தமிழர் சமையற்கட்டுவரை வந்து நிலைத்த மிளகாயே அது. மிளகாயின் காரச் சத்தை எண்ணெயில் கரைத்து, அழுத்தமூட்டிய குப்பியில் அடைத்து, நெருங்கும் கரடியின் முகத்தில் பீய்ச்சும் முறை 1980களில் மொன்டானாப் பல்கலைக்கழக ஆய்வுகளோடு உருப்பெற்றது. ஏழெட்டு மீட்டர் தொலைவில் அது ஒரு செம்மேகமாய் விரியும். குறி பார்க்கும் நுட்பம் அதற்கு அவ்வளவாக வேண்டுவதில்லை. கரடியின் கண்ணும் மூக்கும் மூச்சுக்குழலும் சிறிது நேரம் எரியும், பின் ஆறிவிடும்.

1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் இக்குப்பி பயன்பட்ட 83 நிகழ்ச்சிகளை ஸ்மித் குழுவினர் 2008இல் ஆராய்ந்து வெளியிட்டனர். பழுப்புக் கரடிகளின் வேண்டாத செயலை அது நூற்றுக்கு 92 முறை நிறுத்தியது. குப்பி வைத்திருந்தோருள் நூற்றுக்கு 98 பேர் காயமின்றித் தப்பினர். துப்பாக்கிப் பதிவுகளில் சீற்றத்தோடு பாய்ந்த கரடிகள் மிகுதி. குப்பிப் பதிவுகளில் ஆவலால் நெருங்கிய கரடிகளும் கலந்துள்ளன. எனவே இரு எண்களையும் அருகருகே வைத்துத் தீர்ப்புக் கூறுவது பொருந்தாது. எதிர்க்காற்றில் காரம் வீசியவன் முகத்துக்கே திரும்பும். கடுங்குளிரில் குப்பியின் அழுத்தம் குறையும். கொசு மருந்தைப் போல் கூடாரத்தின்மீது முன்கூட்டியே தெளித்து வைத்தால், அதன் வாடையே கரடியை அழைத்து வரும் என்பதும் ஆய்வில் தெரியவந்தது. குறைகள் உண்டெனினும், அது ஒரு புதிய தேர்வை மனிதன் முன் வைத்தது: கரடியும் சாகாமல், தானும் சாகாமல் பிரியும் தேர்வு.

சுமந்தும் சுடாத துப்பாக்கி

இத்தனைக்கும் பிறகு, எந்தத் துப்பாக்கி என்ற வினா எங்கே போய் நின்றது என்பதற்கு அலாஸ்காவின் மக்னீல் ஆறு சான்றாகும். 1967இல் சரணாலயமாக்கப்பட்ட அவ்விடத்தில், கோடையில் சால்மன் மீன் அருவியேறும் காலத்தில், ஒரே நேரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட பழுப்புக் கரடிகளைக் காணலாம். உலகில் இதற்கு நிகரான கரடிக் கூட்டம் அரிது. 1973 முதல் நாளொன்றுக்குப் பத்துப் பேர் அளவில் மட்டும் அனுமதிச் சீட்டுப் பெற்று அங்கே செல்ல முடிந்தது. வேலியில்லை, கூண்டில்லை, சில அடித் தொலைவில் கரடி நடந்து செல்லும். உடன் செல்லும் ஊழியரின் தோளில் ஒரு பம்ப் ஷாட்கன் இருக்கும்.

லாரி ஆமில்லர் என்பவர் 1976 முதல் 2005 வரை, ஏறத்தாழ முப்பது கோடைகள், அச்சரணாலயத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். அவர் கடைப்பிடித்த நெறிகள் எளியவை. மனிதர் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒன்றாகச் செல்ல வேண்டும். உணவு வாடை கரடிக்கு எட்டலாகாது. ஓடக் கூடாது, சூழக் கூடாது, திடுக்கிட வைக்கக் கூடாது. நாள்தோறும் மனிதன் ஒரே விதமாக நடந்துகொண்டால், கரடி அவனை ஒரு மரத்தைப் போல, ஒரு பாறையைப் போல ஏற்றுக்கொள்ளும். அவர் காலத்தில் பார்வையாளர் எவரும் அங்கே கரடியால் காயமுறவில்லை.

அந்தத் துப்பாக்கி தேவையற்றது என்று எவரும் அதனைக் கழற்றி வைக்கவில்லை. அதற்குத் தோட்டா இடப்பட்டது, அது துடைக்கப்பட்டது, சுடும் பயிற்சியும் நடந்தது. ஆனால் அதன் இடம் மாறிவிட்டது. லூயிஸின் காலத்தில் காட்டுக்குள் முதலில் நுழைந்தது துப்பாக்கி. அறிவு வெகுதொலைவில் பின்தொடர்ந்தது. மக்னீல் ஆற்றங்கரையிலோ கரடியைப் பற்றிய அறிவு முன்னே நடந்தது. துப்பாக்கி அதன் பின்னே, தோளில் தொங்கியவாறு, தன் முறை வாராதிருக்க வேண்டும் என்பது போல் அமைதியாக உடன் சென்றது.